வாக்களிப்பு நாளின் மௌனமும் சூடத்தின் மேல் செய்த சத்தியமும்

மலேசியாவில் தேர்தல் பிரசாரம் எப்போது தொடங்கி எப்போது ஓய வேண்டும், வாக்களிப்பு நாளன்று எது கூடும், எது கூடாது என்பவற்றை 1954ஆம் ஆண்டின் தேர்தல் குற்றங்கள் சட்டம் வரையறுக்கிறது. வேட்புமனுத் தாக்கல் நாளில் வேட்பாளர் பட்டியல் அறிவிக்கப்பட்டதும் தொடங்கும் பிரசாரம், வாக்களிப்புக்கு முந்திய நாளின் நள்ளிரவோடு முடிந்துவிட வேண்டும். விடிந்தபின் கூட்டம் கூட்டுவதும் ஒலிபெருக்கியில் முழங்குவதும் வாக்குக் கேட்பதும் குற்றமாகும். வாக்களிப்பு மையத்தின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள், வாக்களிக்க வந்தவர் தவிர மற்றவர் காத்து நிற்பதற்கும் சுற்றித் திரிவதற்கும் தடை உண்டு. வேட்பாளரின் பெயரோ கட்சியின் சின்னமோ பொறித்த சட்டை, தொப்பி, குடை, தண்ணீர் பாட்டில் ஆகியவற்றைக்கூட அன்றைக்கு அணியவோ ஏந்தவோ முடியாது. இவை எல்லாம் கண்ணால் காணவும் அளவுகோலால் அளக்கவும் கூடியவை. ஆனால் அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு, அளக்க முடியாத ஒன்றையும் குற்றப் பட்டியலில் சேர்க்கிறது. வாக்காளர் ஒருவரை வாக்களிக்க வைப்பதற்காகவோ வாக்களிக்காமல் தடுப்பதற்காகவோ அவருக்கு உலகியல் தீங்கையோ ஆன்மிகத் தீங்கையோ விளைவிப்பதும், விளைவிப்பதாக மிரட்டுவதும் தகாத செல்வாக்கு என்கிறது அப்பிரிவு. அடியாளின் தடி உலகியல் தீங்கு. தெய்வக் குற்றம் வந்து சேரும் என்ற அச்சுறுத்தல் ஆன்மிகத் தீங்கு. இரண்டையும் ஒரே வரியில் வைத்த அந்தச் சட்டம் சமய வாழ்வை நோக்கி ஒரு கேள்வியை எழுப்புகிறது. மனிதரின் மனச்சான்றுக்குள் நுழையும் உரிமை, தெய்வத்தின் பெயரால் பேசுபவருக்கு எவ்வளவு தூரம் உண்டு?

மலாக்கா மாநிலத்தின் தமிழர் வாழ்விடங்களில் இக்கேள்வி ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டமாகப் பேசப்படும் புக்கிட் லிந்தாங், 1896 வாக்கில் டான் சாய் யான் என்பவரால் இம்மாநிலத்தில்தான் உருவாக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து பரவிய தோட்டங்களில் குடியேறிய தமிழரின் வாழ்வு கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் லயத்து வரிசையையும் சுற்றியே அமைந்தது. தோட்டங்கள் சுருங்கி, பத்து பெரண்டாம் போன்ற இடங்களில் விமான நிலையமும் சுதந்திர வர்த்தக வட்டாரத்துத் தொழிற்சாலைகளும் தாமான்களும் எழுந்த பிறகும், அந்த உறவுக் கட்டமைப்பின் பெரும்பகுதி மக்களோடு சேர்ந்தே இடம்பெயர்ந்தது. ஆலய நிர்வாகத்தில் தலைவராக இருப்பவரே பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் கட்சிக் கிளையிலும் பொறுப்பில் இருப்பது மலேசியத் தமிழரிடையே வியப்புக்குரிய செய்தியன்று. ஒருவர் ஒரே வாரத்தில் திருவிழா உபயத்தையும் பள்ளிக் கூட்டத்தையும் கட்சியின் நடவடிக்கை அறையையும் கவனிக்க நேரும்போது, அவர் சொல்லும் சொல் எந்தப் பொறுப்பிலிருந்து வருகிறது என்பதைக் கேட்பவர் பிரித்தறிவது கடினம். 50 மீட்டர் எல்லைக்கோடு மையத்தின் வாசலில் வரையப்படுகிறது. அந்தச் சொல்லோ பல ஆண்டுகளுக்கு முன்பே வாக்காளரின் மனத்துக்குள் குடிபுகுந்திருக்கும்.

சட்டம் ஏன் மணியையும் மீட்டரையும் நாடுகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். நோக்கத்தை நேரே காணும் ஆற்றல் எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை. விருந்தோம்பலை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். வாக்கைக் கவரும் ஊழல் நோக்கோடு உணவும் பானமும் வழங்குவதைத் தேர்தல் குற்றங்கள் சட்டம் தனிக் குற்றமாகவே கொள்கிறது. ஆனால் அன்னதானமும் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பும் மலேசியத் தமிழரின் சமய வாழ்வோடு இரண்டறக் கலந்தவை. 2021இல் மலாக்கா சட்டமன்றம் கலைக்கப்பட்டு மாநிலம் தேர்தலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, நவம்பர் 4ஆம் நாள் தீபாவளி வந்தது. நவம்பர் 8ஆம் நாள் வேட்புமனுத் தாக்கல் நடந்தது. தீபாவளிக்கு இலை போடுகின்ற ஒருவர் நான்கு நாள் கழித்து வேட்பாளராவார் என்றால், அந்த இலையில் விழுந்த சோறு தர்மமா, கையூட்டா? சோற்றைப் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தை மூவகையாகப் பிரிக்கும்போது இந்த இடத்தைத்தான் தொடுகிறது: கைம்மாறு கருதாமல், தக்க இடத்தில், தக்க காலத்தில், தக்கவருக்குக் கொடுப்பதைச் சாத்துவிக தானம் என்றும், திரும்ப ஏதேனும் கிடைக்கும் என்ற கணக்கோடு கொடுப்பதை ராஜச தானம் என்றும், அவமதிப்போடு தகாத இடத்தில் எறிவதைத் தாமச தானம் என்றும் அது வகுக்கிறது. சட்டமும் சாத்திரமும் இங்கே ஒரே பொருளை, அதாவது கொடுப்பவரின் உள்நோக்கத்தைத் தேடுகின்றன. சாத்திரம் அதைக் கொடுப்பவரின் நெஞ்சுக்கே விட்டுவிடுகிறது. சட்டத்தால் அப்படி விட்டுவிட முடியாது. ஆகவே காலத்தையும் இடத்தையும் சூழலையும் சாட்சியாக்கி, அவற்றிலிருந்து நோக்கத்தை ஊகிக்கிறது.

மனம் ஏன் இவ்வாறு காக்கப்பட வேண்டும் என்பதற்குச் சைவ சித்தாந்தம் ஓர் ஆழமான விளக்கத்தைத் தருகிறது. மெய்கண்ட தேவரின் சிவஞானபோத மரபில் வளர்ந்த அந்தத் தத்துவம், உயிரின் இயல்பைச் சார்ந்ததன் வண்ணமாதல் என்று குறிப்பிடும். பளிங்கு தனக்கென நிறமில்லாமல் அருகில் வைத்த பொருளின் நிறத்தைக் காட்டுவது போல, உயிரும் தான் எதைச் சார்கிறதோ அதன் தன்மையைப் பெறுகிறது என்பது அதன் கருத்து. வாக்களிப்பு மையத்தின் வாசலில் கட்சிக் கொடியும் சின்னம் பொறித்த குடையும் கூடாது என்னும் விதியை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், அது அறிவு குறைந்தவர்களைக் காக்கும் ஏற்பாடாகத் தோன்றாது. எந்த உயிருக்கும், படித்தவருக்கும் படிக்காதவருக்கும், பக்கத்தில் இருப்பது ஒட்டிக்கொள்ளும் என்பதை ஒப்புக்கொள்ளும் ஏற்பாடாகவே தோன்றும். எனினும் சித்தாந்தம் அதோடு நிற்பதில்லை. உயிர் எதையும் சாராமல் தனித்து நிற்கவே இயலாது என்றும் அது சொல்கிறது. அப்படியானால் வெளியே ஓசை அடங்கிய நாளில் மனம் வெறுமையாகிவிடாது. முன்பே சார்ந்ததன் நிறத்தோடுதான் மையத்துக்குள் நுழையும்.

இதனாலேயே மௌனத்தின் நீளத்தைப் பற்றி நாடுகள் வேறுபடுகின்றன. இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்திய 48 மணி நேரத்தில் பொதுக்கூட்டங்களையும் ஊர்வலங்களையும் தடுக்கிறது. வாக்குச்சாவடியைச் சுற்றி 100 மீட்டர் தொலைவுக்குள் வாக்குக் கேட்பதை 130ஆம் பிரிவு தடுக்கிறது. இலங்கையிலும் வாக்களிப்புக்கு முன் இரண்டு முழு நாள்கள் பிரசாரம் ஓய்கிறது. சிங்கப்பூர் 2010இல் சட்டத்தைத் திருத்தி, வாக்களிப்புக்கு முந்திய நாளை ஆற அமரச் சிந்திப்பதற்கான நாளாக ஒதுக்கி, 2011 பொதுத்தேர்தலில் முதன்முறை நடைமுறைப்படுத்தியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுதலையான கவலையோடு இதை அணுகியது: தேர்தல் நாளன்று நாளிதழ் தலையங்கம் எழுதுவதைக் குற்றமாக்கிய அலபாமாச் சட்டத்தை 1966இல் அது செல்லாது என்றது, வாக்குச்சாவடியைச் சுற்றி 100 அடி எல்லை வகுத்த டென்னசிச் சட்டத்தை 1992இல் ஏற்றுக்கொண்டது, சாவடிக்குள் அரசியல் வாசகமுள்ள உடைகளைத் தடுத்த மினசோட்டாச் சட்டத்தை, எது அரசியல் என்பதற்குத் தெளிவான வரையறை இல்லை என்று 2018இல் நிராகரித்தது. பேசுபவரின் உரிமையை முதலில் வைப்பவர்கள் மௌனத்தைக் குறுக்குகிறார்கள்; கேட்பவரின் அமைதியை முதலில் வைப்பவர்கள் அதை நீட்டுகிறார்கள். மலேசியாவில் இடைவெளி ஏதும் இல்லாததால், பிரசாரத்தின் கடைசி இரவே பெரும்பாலும் செராமா எனப்படும் பிரசாரக் கூட்டங்களின் உச்ச இரவாக அமைகிறது.

2021ஆம் ஆண்டு மலாக்கா தேர்தல் இதற்கு விலக்கானது. கோவிட் பரவலை முன்னிட்டுச் சுகாதார அமைச்சு அக்டோபர் 25 முதல் நவம்பர் 27 வரை தேர்தல் தொடர்பான ஒன்றுகூடல்களுக்குத் தடை விதித்தது. 28 தொகுதிகளுக்கான அந்தத் தேர்தலின் பிரசாரம் பெரும்பாலும் கைப்பேசித் திரைக்கு இடம்மாறியது. வாக்களிப்பு நவம்பர் 20ஆம் நாள். அதற்கு முந்திய நாள், திருவண்ணாமலை உச்சியில் கார்த்திகைத் தீபம் ஏற்றப்பட்ட நாள். வழக்கமாகச் செராமாவின் பேரொலியில் கரையும் அந்த இரவு, அவ்வாண்டு இந்துக்களுக்கு விளக்கேற்றும் இரவாக வாய்த்தது. எந்தச் சட்டமும் திட்டமிட்டு இந்த அமைதியைக் கொண்டுவரவில்லை. நோயும் பஞ்சாங்கமும் சேர்ந்து கொண்டுவந்தன. ஆயினும் அதை மிகைப்படுத்தவும் கூடாது. கூட்டம் தடைப்பட்டபோது குரல் அடங்கிவிடவில்லை; வாட்ஸ்அப் குழுக்கள் வழியே வீட்டுக்குள்ளேயே வந்தது. கோயில் செய்திகளைப் பகிர்வதற்காக அமைத்த குழுவில் கட்சிச் செய்தி வந்து விழும்போது, நள்ளிரவு என்ற எல்லையும் 50 மீட்டர் என்ற எல்லையும் பொருளிழக்கின்றன.

9ஆம் பிரிவு சொல்லும் ஆன்மிகத் தீங்கு என்னும் கருத்தின் வரலாறு அயர்லாந்தில் தொடங்குகிறது எனலாம். அங்கே 19ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கக் குருமார்கள் நிலவுடைமையாளருக்கு எதிராக மக்களை வாக்களிக்கச் சொன்னபோது, தோற்ற தரப்பினர் நீதிமன்றம் சென்றார்கள். 1870இல் லாங்ஃபர்டு வழக்கில் நீதிபதி ஃபிட்ஸ்ஜெரால்டு வகுத்த எல்லை பிற்காலத்துக்கு வழிகாட்டியாயிற்று: குருவானவர் அறிவுரை கூறலாம், எந்த வேட்பாளர் நல்லவர் என்று காரணம் காட்டலாம், ஆனால் மறுமைத் தண்டனையைக் காட்டி அச்சுறுத்தவோ, திருவருட்சாதனங்களை மறுப்பதாகச் சொல்லவோ கூடாது. 1872இல் கால்வே இடைத்தேர்தலில் வென்ற நோலனின் வெற்றியை, குருமாரின் செல்வாக்கைக் காரணம் காட்டி, நீதிபதி கியோ செல்லாதாக்கினார். வாக்கு வெளிப்படையாகக் கேட்கப்பட்டுப் பதிவான முறையின் கடைசி மாதங்கள் அவை. அதே ஆண்டில் இரகசிய வாக்குச் சட்டம் வந்தது. மறைப்புக்குள் சென்று வாக்களிக்கும் வசதி வந்துவிட்டால் குருமாரின் செல்வாக்கு தானே ஒழியும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, 1892இல் மீத் மாவட்டம் விடை சொன்னது. ஆயர் நல்டி எழுதிய சுற்றுமடல் ஆலயங்களில் வாசிக்கப்பட்டதைக் காரணம் காட்டி, வடக்கு மீத், தெற்கு மீத் ஆகிய இரு தொகுதிகளின் தேர்தலையும் நீதிமன்றம் செல்லாதாக்கியது. இரகசிய வாக்கு வந்து இருபது ஆண்டுகள் கழிந்த பிறகும் இப்படி நடந்தது என்பதே கவனிக்கத்தக்கது. முதலாளியும் கங்காணியும் அந்த மறைப்புக்குள் எட்டிப் பார்க்க முடியாது. கடவுள் பார்ப்பார் என்று நம்புகிறவருக்கு அது மறைப்பே இல்லை.

1883ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டத்தில் இடம்பெற்ற ஆன்மிகத் தீங்கு, பேரரசின் வழியே மலாயாவுக்கும் வந்து சேர்ந்தது. இந்தியா அதைத் தன் சொற்களில் விரித்து, தெய்வத்தின் சினத்துக்கோ சமயக் கண்டனத்துக்கோ ஆளாவார் என்று வாக்காளரை நம்ப வைப்பதை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவில் சேர்த்தது. நாம்தாரி சீக்கியரின் குரு பிறப்பித்த கட்டளையால் பாதிக்கப்பட்ட சிர்சா தொகுதித் தேர்தலைப் பற்றிய வழக்கில், 1959இல் இந்திய உச்ச நீதிமன்றம், சமயத் தலைவர் தம் விருப்பத்தைச் சொல்லலாம், அதை மீறினால் பாவம் என்ற நிலையைச் சீடருக்கு உண்டாக்கக் கூடாது என்ற கோட்டை உறுதிப்படுத்தியது. 2015இல் லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் மேயர் தேர்தலை, இமாம்கள் பலர் கையொப்பமிட்ட ஒரு கடிதத்தையும் காரணங்களில் ஒன்றாகச் சுட்டி, தேர்தல் நீதிபதி ரிச்சர்டு மாவ்ரி செல்லாதாக்கினார். இத்தீர்ப்புகளின்மேல் ஒரு நியாயமான குறையும் உண்டு. கியோவின் தீர்ப்பு குருமாரையும் அவர்களுடைய மக்களையும் இழிவுபடுத்தும் மொழியில் எழுதப்பட்டது. நம்பிக்கையாளர் என்றாலே தாமாகச் சிந்திக்க இயலாதவர் என்ற எண்ணம் இத்தகைய வழக்குகளில் எளிதில் நுழைந்துவிடுகிறது. அந்த எண்ணத்தை ஏற்பதற்கில்லை. கோயில் திண்ணையில் அமர்ந்து அரசியல் பேசும் உரிமை பக்தருக்கு உண்டு. கூலி, மண்ணுரிமை, தமிழ்ப்பள்ளி ஆகியவற்றைத் தன் சமய அறத்தின் ஒளியில் எடைபோடவும் அவருக்கு உரிமை உண்டு. தடுக்கப்பட வேண்டியது நம்பிக்கையன்று. ஒருவரின் நம்பிக்கையைப் பிடியாகக் கொண்டு இன்னொருவர் அவரை இழுத்துச் செல்வதுதான்.

அந்தப் பிடியின் மிகக் கடுமையான வடிவம் தமிழரிடையே சூடத்தின் மேல் செய்யும் சத்தியம். எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, சொன்ன சொல் தவறமாட்டேன் என்று தெய்வத்தைச் சாட்சி வைக்கும் வழக்கம் அது. குடும்பச் சண்டையிலும் கடன் வழக்கிலும் ஊரார் முன்னிலையில் கடைசிச் சான்றாகக் கொள்ளப்பட்டு வந்தது. தமிழ்நாட்டில் வாக்குக்குப் பணம் கொடுத்துவிட்டு இவ்வாறு சத்தியம் வாங்குவதைப் பற்றிப் பல தேர்தல்களில் பேசப்பட்டிருக்கிறது. பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டி 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களையும், 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையும், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலையும் தேர்தல் ஆணையம் நிறுத்தியது. பணத்தைப் பறிமுதல் செய்ய முடிந்த ஆணையத்தால் சத்தியத்தைப் பறிமுதல் செய்ய முடியவில்லை. இரகசிய வாக்கு, கொடுத்தவரின் கண்ணிலிருந்து வாங்கியவரைக் காக்கிறது. ஆகவே கொடுத்தவர் தெய்வத்தையே தம் கட்சியின் முகவராக வாக்குச்சாவடிக்குள் உட்கார வைக்கிறார். தெய்வத்தை இவ்வாறு கூலிக்கு அமர்த்துவதைவிடப் பெரிய தெய்வ நிந்தனை வேறில்லை. சட்டத்துக்கும் ஆணையத்துக்கும் எட்டாத இந்த இடத்தில், அச்சத்தை விதைத்த அதே சமயத்தின் மொழிதான் அச்சத்தைத் தீர்க்கவும் வேண்டும்.

அவ்வாறு செய்த சத்தியம் கட்டுப்படுத்துமா என்பதே இங்குள்ள உண்மையான சமயக் கேள்வி. கட்டுப்படுத்தும் என்பவருக்குத் தசரதன் துணை நிற்பான். கைகேயிக்கு எப்போதோ கொடுத்த வரத்துக்காக மகனைக் காட்டுக்கு அனுப்பி உயிரையும் விட்டவனைத் தமிழ் உள்ளம் வாய்மையின் உருவமாகவே போற்றி வந்திருக்கிறது; கொடுத்த வாக்கை மீறுவது தோட்டத்து ஏழைக்கும் மானக்கேடாகத் தோன்றுவது அந்த மரபினால்தான். அந்த மான உணர்வு மதிக்கத்தக்கது. அதைப் பயன்படுத்திக்கொள்பவர்தான் கண்டிக்கத்தக்கவர். ஆனால் மகாபாரதத்தின் கர்ண பருவம் வேறொரு பாடத்தை வைத்திருக்கிறது. காண்டீவத்தைப் பிறருக்குக் கொடுத்துவிடு என்று சொல்பவரைக் கொல்வேன் என்று அருச்சுனன் சபதம் செய்திருந்தான். காயமுற்று மனம் கசந்த தருமனே அச்சொல்லைச் சொன்னபோது வாளை உருவினான். கண்ணன் அவனைத் தடுத்து, உண்மையே பேசுவேன் என்ற விரதத்தால் கொள்ளையரிடம் வழிப்போக்கரைக் காட்டிக்கொடுத்து நரகம் புகுந்த கௌசிகன் என்ற தவசியின் கதையைச் சொல்கிறான். சொல்லைக் காப்பதற்காக அறத்தைக் கொல்வது வாய்மை ஆகாது என்பது அந்தக் கதையின் உள்ளீடு. வள்ளுவர் வாய்மைக்கு இலக்கணம் வகுக்கும்போதும் பிறர்க்குத் தீங்கு தராமையையே அளவாகக் கொள்கிறார்.

தசரதனுக்கும் வாக்காளருக்கும் இடையே இன்னொரு முக்கியமான வேறுபாடு உண்டு. கைகேயி தனக்குச் செய்த உதவிக்கு நன்றியாகத் தசரதன் தானே முன்வந்து வரம் கொடுத்தான். வாக்காளரிடமிருந்து சத்தியம் கறக்கப்படுகிறது. மேலும், அடகு வைப்பதற்கு வாக்கு அவருடைய தனிச்சொத்தா என்ற கேள்வியும் எழுகிறது. ஜான் ஸ்டுவர்ட் மில் 1861இல் எழுதிய பிரதிநிதித்துவ ஆட்சி பற்றிய நூலில், வாக்கு என்பது தனியுரிமையன்று, பிறருக்காக ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு என்று வாதிட்டு, ஆகையால் அது பலரறியச் செலுத்தப்பட வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அவருடைய முடிவு தோட்ட வாழ்வுக்குப் பொருந்தாது. துரையும் கிராணியும் கங்காணியும் வேலையையும் குடியிருப்பையும் கையில் வைத்திருந்த இடத்தில் வெளிப்படையான வாக்கு அவர்களுடைய வாக்காகவே இருந்திருக்கும். ஆனால் அவருடைய தொடக்கக் கருத்து வலிமையானது. வாக்கு அண்டை வீட்டாருக்காகவும் இன்னும் வாக்குரிமை பெறாத பிள்ளைகளுக்காகவும் கையில் இருக்கும் பொறுப்பு என்றால், அதைச் சத்தியத்தால் ஒருவருக்கு எழுதிக்கொடுப்பது அடுத்தவர் நகையை அடகு வைப்பதற்குச் சமம். அந்த அடகுச் சீட்டுக்கு அறத்தின் முன் மதிப்பில்லை.

மலாக்காத் தமிழரில் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் உண்டு. அவர்களுடைய மரபுகள் இதைத் தெளிவான விதிகளாகவே எழுதி வைத்திருக்கின்றன. வஞ்சகத்தாலோ வன்முறையாலோ கடும் அச்சத்தாலோ பெறப்பட்ட சத்தியம் இயல்பாகவே செல்லாது என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1200ஆம் விதி கூறுகிறது. சத்தியம் செய்த ஒருவர் அதைவிடச் சிறந்த ஒன்றைக் கண்டால் சிறந்ததையே செய்து, சத்தியத்தை முறித்ததற்குப் பரிகாரம் செய்ய வேண்டும் என்பது நபிமொழி மரபு. அந்தப் பரிகாரத்தைக் குர்ஆன் பத்து ஏழைகளுக்கு உணவளிப்பது என்பது போன்ற வழிகளில் வரையறுக்கிறது. இந்துக்களிடம் சிந்தனைக்குக் குறைவில்லை. எல்லாக் கோயில்களையும் கட்டுப்படுத்தி விதி வகுக்கும் ஒரே பீடம்தான் இல்லை. 1965இல் தோன்றிய மலேசிய இந்து சங்கம் வழிகாட்டலாம். ஆயினும் ஒவ்வோர் ஆலயமும் தன் நிர்வாகக் குழுவின் கீழ்தான் இயங்குகிறது. ஆகையால் தேர்தல் அறிவிக்கப்படும் முன்பே, தங்கள் சன்னிதியில் வாக்குக்காகச் சத்தியம் வாங்க இடமில்லை என்றும், வெளியே வாங்கப்பட்ட அத்தகைய சத்தியம் எந்தப் பக்தரையும் கட்டுப்படுத்தாது என்றும் ஆலய நிர்வாகங்கள் தீர்மானித்து, அர்ச்சகரின் வாயாலேயே அறிவிக்கச் செய்வது அவற்றின் கடமை. பிரசார காலத்தில் மானியக் காசோலையோடு வரும் வேட்பாளருக்குப் பரிவட்டம் கட்டுவதா என்ற கேள்வியையும் அதே கூட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே பணமும் வாங்கிச் சத்தியமும் செய்துவிட்டவரின் நிலை மட்டும் எஞ்சுகிறது. சட்டத்தின் பார்வையில் கொடுத்தவரோடு வாங்கியவரும் குற்றவாளியே. சத்தியம் செல்லாது என்பதால் பணம் அவருடையதாகிவிடாது. திருப்பிக் கொடுக்க முடிந்தால் திருப்பிக் கொடுப்பதே முறை. கொடுத்தவரின் பகைக்கு அஞ்சும் நிலை இருந்தால், அத்தொகையைப் பசித்தவருக்குச் சோறாக்கி, தெய்வத்தின் பெயரை விற்பனைக்கு விட்ட தன் பங்குக்காகத் தெய்வத்திடமே மன்னிப்புக் கேட்டுவிட்டு, வாக்களிப்பு நாளன்று தன் மனம் தகுதியுள்ளவர் என்று காட்டுபவருக்கே அவர் வாக்களிக்கலாம். அந்தக் கடனை வாக்கைக் கொடுத்து அடைக்கும் கடமை அவருக்கு இல்லை. அவ்வாறு அடைத்தால்தான் குற்றம் இரண்டாகும்.